லட்டு மேல் உட்கார்ந்தவர்கள்

தட்டு நிறைய லட்டோடு முருகேசன் எங்கள் கடையின் முன்பக்கம் வந்து நின்றபோது, மன்சுக் சேட் ஒரு லட்டின் மேல் உட்கார்ந்து மெதுவாகக் குதித்துக்கொண்டிருந்தார்.

பதறாதீர்கள், தின்கிற லட்டு இல்லை. உட்காருகிற லட்டு. ஃபைபரில் உருண்டையாக அச்செடுத்து, மேலே பஞ்சு வைத்து, ஆரஞ்சும் மஞ்சளுமாக ரெக்ஸின் போர்த்தி, பூந்தி பூந்தியாகத் தெரியும்படி நூற்றுக்கணக்கில் பொத்தான் தைத்து, பக்கவாட்டில் ஒரு முந்திரிப் பருப்பு, ஒரு கிராம்பு. அப்படி நாலு லட்டு. மட்டாஞ்சேரியில் இருக்கிற எங்கள் மிட்டாய்க் கடையைப் புதுப்பித்துத் திறந்த முதல் நாள் காலை அது. அந்த நாலு லட்டையும் வடிவமைத்தவள், வேறு யார், நான்தான்.

சேட் பக்கத்துத் தெருவில் மிளகுத் தரகர். நல்ல பாரமான மனிதர். "எந்தொரு சுகம் டீச்சரே! எண்ட வீட்டில் இதுபோல சோஃபா இல்லா!" என்று இன்னும் இரண்டு குதி குதித்தார். லட்டு புஸ் புஸ் என்று மூச்சு விட்டது.

முருகேசன் எங்கள் சரக்கு மாஸ்டர். லட்டு, ஜாங்கிரி, அல்வா எல்லாம் அவர் கையில்தான் பிறக்கும். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், பதிமூன்று வருஷமாக எங்களிடம் இருக்கிறார். அவர் சேட்டைப் பார்த்தார். கையில் இருந்த தட்டைப் பார்த்தார். மறுபடி சேட் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். தட்டைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"மதினி, இன்னைக்கு உள்ள சரக்கை முடிச்சுக் குடுத்துட்டு சாயங்காலம் நான் கிளம்புதேன்."

"எங்க கிளம்புறீங்க?"

"ஆலுவாவுல மச்சினன் இருக்கான். அங்க போறேன். பொறவு என்னன்னு பாத்துக்கிடலாம்."

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது.

இந்த வாரத் திட்டு எனக்கு

இந்தத் தொடரில் இதுவரை மாமியார், நாத்தனார், பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் என்று வரிசையாக எல்லோரையும் வாரிவிட்டேன். நாத்தனார் போன் போட்டு, "உன்னைப் பத்தி மட்டும் ஒண்ணும் எழுதிற மாட்டியே!" என்று பொரிந்து தள்ளினாள். நியாயமான கேள்விதான். ஆகவே இந்த வாரத் திட்டு முழுக்க எனக்கு.

என் மகளைப் பற்றி மட்டும் பயமில்லாமல் எழுதலாம். வாயைத் திறந்தால் தமிழ் கொட்டும், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள். இந்தப் பத்திரிகை மலையாளத்தில் வந்தால்தான் எனக்கு ஆபத்து.

நான் முப்பது வருஷம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தேன். டிராயிங் பீரியட் என்றால் என்ன கதி என்று படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். பாடம் முடியாத கணக்கு வாத்தியார் வாசலில் தலையை நீட்டி, "டீச்சரே, இந்த பீரியட் ஞான் எடுத்தோட்டே?" என்பார். கேட்கிற மாதிரி இருக்கும். கேட்பது இல்லை, சொல்வது.

அரை மணி நேரம் மெனக்கெட்டுக் கரும்பலகையில் நான் வரைந்த வள்ளத்தையும் வலையையும் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு, அங்கே ஏ பிளஸ் பி என்று எழுதுவார். முப்பது வருஷம் நான் வரைந்தது எல்லாம் அடுத்த மணிக்குள் சுண்ணாம்புத் தூளாகிப் போனது. நான் வரைந்தது என்று விரல் நீட்டிக் காட்ட இந்த ஊரில் ஒரு படம் இல்லை. எனக்கு அதில் ரொம்ப வருத்தம் உண்டு.

ஓய்வு பெற்று நாலு மாதம் ஆகியிருக்கும். என் வீட்டுக்காரர் சண்முகம் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர், "கடையில காரை பெயர்ந்து பெயர்ந்து விழுது. சரி பண்ணணும். பின்னே, வீட்டிலேயே பெரிய ஆர்ட்டிஸ்ட் இருக்கே, ஒரு கை பாக்கறதுதானே?" என்றார்.

கிண்டலாகத்தான் கேட்டார். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சரி. ஆனா நடுவுல வந்து வாயைத் திறக்கப்படாது," என்றேன்.

"நான் எதுக்குத் திறக்கப் போறேன்? தாலி கட்டின அன்னைக்கே மூடியாச்சு."

வெட்டுக்கல்லும் மைசூர்பாகும்

பழைய கடை எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். பாசிப்பச்சைச் சுவர். இரண்டு டியூப் லைட், அதில் ஒன்று கண்ணடிக்கும். அலமாரிக்குப் பின்னால் கண்ணாடி. ஒரு தட்டு ஜாங்கிரியை இரண்டு தட்டாகக் காட்டுவதற்கு. அப்புறம் சாமி காலண்டர்கள். வருஷம் முடிந்தாலும் முருகனையும் குருவாயூரப்பனையும் கழற்றிக் குப்பையில் போட முடியுமா? ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்கி, மின்விசிறி சுற்றினால் சுவரே படபடக்கும்.

அந்தக் காலண்டர்களை நானே ஸ்டூல் போட்டு ஏறி, ஒவ்வொன்றாகக் கழற்றி, கீழே வைக்காமல் மடியில் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் துணி விரித்து அடுக்கினேன். அந்த அளவுக்குப் பார்க்கிறவள்தான் நான். இதை ஞாபகம் வைத்துக்கொண்டு என்னைத் திட்டுங்கள்.

காரையை முழுக்கத் தட்டி எடுத்தபோது உள்ளே வெட்டுக்கல் தெரிந்தது. இங்கே பழைய கட்டடம் எல்லாம் அந்தக் கல்லில் கட்டியதுதான். சிவப்பாக, ஓட்டை ஓட்டையாக இருக்கும். கொத்தனார் பூசுவதற்கு சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார். நான் எதிர்ச் சுவரில் சாய்ந்து சாயா குடித்துக்கொண்டே பார்த்தேன். ஓட்டைகள். நேர் நேராக வெட்டிய துண்டுகள். அடடா, இது மைசூர்பாகு இல்லையா!

"பூச வேண்டாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

கல்லை அப்படியே விட்டு, வெளிர் மஞ்சள் அடிக்கச் சொன்னேன். நல்ல மைசூர்பாகு நடுவில் மட்டும் கொஞ்சம் சிவந்திருக்குமே, அதுபோல நடுவே ஒரு பட்டை மட்டும் நானே பிரஷ் பிடித்துப் பழுப்பில் தீட்டினேன். இரண்டு நாள் ஆனது. கழுத்துப் பிடித்துக்கொண்டது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு ஒரு மூலையை ஒடித்து வாயில் போடலாமா என்று தோன்றும். சண்முகம் வந்து பார்த்துவிட்டு, சுவரை லேசாக நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை, ஒப்பந்தம் அப்படி.

அந்தச் சுவரில் ஒரு இடைஞ்சல் இருந்தது. கடைக்குப் பின்னால் அடுக்களை. நடுச்சுவரில் கரி பிடித்த ஒரு சின்ன சன்னல். முருகேசன் உள்ளிருந்து தட்டை நீட்டுவார், இந்தப் பக்கம் சண்முகம் வாங்குவார். பதிமூன்று வருஷமாக முருகேசனின் முழங்கை வரைக்கும்தான் கடைக்கு வந்திருக்கிறது.

இத்தனை லட்சணமான மைசூர்பாகுக்கு நடுவே கரிச் சன்னலா? அடை என்றேன், அடைத்தார்கள். இனி தட்டு வர வேண்டுமானால் அடுக்களையின் பின்கதவு வழியாகச் சந்தில் இறங்கி, சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வர வேண்டும். இதிலென்ன, பத்திருபது எட்டு நடைதானே என்று நினைத்தேன். நடக்கப் போவது நான் இல்லையே.

ஆடு கடித்த முந்திரி

சுவர் ஆனதும் எனக்குத் துளிர் விட்டுவிட்டது. கூரையில் ஆரஞ்சு நிறக் குழாய் விளக்கை வளைத்து வளைத்து ஜாங்கிரி செய்தேன். ஏழு ஜாங்கிரி. கல்லா மேசைக்கு மேல் சிவப்புக் கண்ணாடி போட்டு, அடியில் விளக்கு வைத்து, அல்வாப் பாளம் மாதிரி ஆக்கினேன். அடுத்தது உட்காரும் இடம். வாடிக்கையாளர்கள் பொட்டலம் கட்டும் வரை நின்றுகொண்டே இருப்பார்கள், பாவம். பழைய மர பெஞ்சு ஒன்று உண்டு, அதில் எப்போதும் யாராவது பையை வைத்திருப்பார்கள்.

லட்டு அங்கேதான் உதித்தது.

ஃபோர்ட் கொச்சிப் பக்கம் ஜோஸி சேட்டன் என்று ஒருவர். ஊர்வலங்களுக்கு யானை, ஒட்டகம், கிறிஸ்துமஸ் தாத்தா எல்லாம் ஃபைபரில் செய்கிறவர். நான் படம் வரைந்து கொண்டுபோய்க் காட்டியபோது தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். லட்டுக்கு எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான்.

"டீச்சர் பேடிக்கண்டா. ஒட்டகத்திண்ட முதுகு செய்த கையாணு இது," என்று தைரியம் சொன்னார்.

முதல் லட்டில் பூந்தியைக் கெட்டியான ஃபைபரிலேயே செய்துவிட்டார். சண்முகத்தை உட்கார வைத்துச் சோதித்தோம். இரண்டு நிமிஷத்தில் எழுந்தவர், வீட்டுக்குப் போகும் வரைக்கும் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே நடந்தார். அதன் பிறகுதான் பஞ்சு வைத்து, பொத்தான் தைக்கும் யோசனை வந்தது.

மட்டாஞ்சேரித் தெருக்களில் ஆடுகள் சுதந்திரமாகத் திரியும், கடைக்குள் வந்து விசாரித்துவிட்டுப் போகும். ரெக்ஸின் போர்த்திய லட்டை வாசலில் காய வைத்திருந்தபோது ஒரு ஆடு வந்து முந்திரிப் பருப்பைக் கடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஜோஸி சேட்டன் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. "கண்டோ டீச்சரே, ஆடு வரைக்கும் விஸ்வசிச்சு!" என்றார். ஆடு நம்பிய முந்திரி என்பதில் எனக்கும் பெருமைதான்.

இந்த ஒரு மாதமும் முருகேசன் ஊரில் இருந்தார். தங்கச்சிக்குக் கல்யாணம், கடை மூடியிருக்கும்போதே போய்விட்டு வரச் சொல்லியிருந்தோம். திறப்பதற்கு முந்தின நாள் வந்து, பின்கதவு வழியாக நேரே அடுக்களைக்குப் போய், பாத்திரம் கழுவி, விடியக்காலையில் அடுப்பு மூட்டிவிட்டார். முன்பக்கம் வந்து பார்க்க அவருக்கு நேரம் இல்லை. கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

என் டிசைனைப் பற்றி சண்முகத்திடம் பேசினேன், கொத்தனாரிடம் பேசினேன், ஜோஸி சேட்டனிடம் நாள் கணக்கில் பேசினேன், கறிகாய்க்காரியிடம் கூடப் பேசியிருக்கிறேன். லட்டு செய்கிற ஆளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள்

திறந்த அன்று காலை எனக்குக் கால் தரையில் இல்லை. யூதர்கள் தெருவான ஜூ டவுனைப் பார்க்க வந்த ஒரு டில்லி ஜோடி உள்ளே நுழைந்து, சுவரோடு ஒரு படம், ஜாங்கிரியோடு ஒரு படம், லட்டில் உட்கார்ந்து ஏழெட்டுப் படம் எடுத்துக்கொண்டு, கால் கிலோ மிக்சர் வாங்கிப் போனது. சண்முகம் என் பக்கம் திரும்பி, "மோசமில்லை," என்றார். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அது.

அப்புறம் எங்கள் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தமிழ் பேசுகிற வீடுகள், வழக்கமான முகங்கள். செட்டியார் வீட்டு அம்மாள் உள்ளே வந்தபோது செருப்புக் கால் லேசாக லட்டில் இடித்துவிட்டது. சட்டென்று குனிந்து, லட்டைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். புத்தகத்தில் கால் பட்டால் செய்வோமே, அதே மாதிரி. அவருக்குப் பின்னால் வந்த பெண் உட்காரலாமா என்று கிட்டே போய், ஒரு தடவை தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "வேண்டாம் டீச்சர், நிக்கேன்," என்று ஓரமாக நின்றுகொண்டாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நிஜ லட்டு என்றே நினைத்துவிட்டார்கள் என்றல்லவா சந்தோஷப்பட்டேன்! அறிவு கெட்டவள். தட்டில் இருக்கிற சோறு சிந்தினாலே காலால் மிதித்துவிடாதே என்று பிள்ளையை அதட்டி வளர்த்தவள் நான். அந்த இரண்டு பேரும் என் கண் முன்னாலேயே சொல்லிவிட்டார்கள், எனக்குத்தான் கேட்கவில்லை.

வழக்கமாக வருகிறவர்களில் உட்காரத் தயங்காதவர் சேட் ஒருவர்தான். அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளே சரக்குத் தயாராகி, சன்னல் அடைபட்டிருந்ததால் தட்டைத் தூக்கிக்கொண்டு சந்து சுற்றி முன்வாசலுக்கு வந்தார் முருகேசன். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

பச்சை பெயிண்ட் யோசனை

சண்முகத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. காரணம் இருந்தது. திருப்பூணித்துறையில் ஒரு மிட்டாய்க் கடைக்காரர் நாலு வருஷமாக முருகேசனுக்கு வலை வீசிக்கொண்டிருந்தார். போன தீபாவளிக்கு வேட்டி சட்டை வாங்கி அனுப்பினார். ஆலுவாவில் மச்சினன் வீட்டுக்குப் போகிற ஆள் அங்கே எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்? அடுத்த வாரம் திருப்பூணித்துறையில் நின்று ஜாங்கிரி பிழிவார். எங்கள் கடையில் அல்வா கிண்ட வேறு ஆள் கிடையாது.

"உன்னோட லட்டை எடுத்து வீட்டில வெச்சுக்கோ. ஹாலில் போடு. நான் உக்கார்றேன்," என்றார் சண்முகம்.

"எடுக்க மாட்டேன்."

"மாஸ்டர் போயிருவார், மனசிலாச்சா?"

"நல்லா மனசிலாச்சு. அவர் போனா கடைக்குத் தீபாவளி இல்லை. லட்டு போனா எனக்கு என்ன இருக்கு? மறுபடியும் ஒருத்தர் வந்து டஸ்டரை எடுத்துத் துடைச்சுட்டுப் போகணுமா?"

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் முன்னால் அழ வேண்டாமே என்று அல்வா மேசைக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

போன் போட்டதும் ஜோஸி சேட்டன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நாலு லட்டையும் சுற்றி வந்து பார்த்தார். வழி இருக்கிறது என்றார். பச்சை பெயிண்ட் அடித்து, முந்திரியைப் பிடுங்கிவிட்டு, மேலே இரண்டு இலை ஒட்டினால் பம்ப்ளிமாஸ் பழம் ஆகிவிடுமாம். பம்ப்ளிமாஸ் மேல் உட்கார்ந்தால் யாருக்கும் சங்கடம் இல்லையாம். மிட்டாய்க் கடையில் பம்ப்ளிமாஸுக்கு என்ன வேலை என்று கேட்டேன். "ஆரோக்யம்," என்றார்.

சண்முகம் சாயா டம்ளரும் கையுமாக முன்னுக்கும் பின்னுக்கும் சந்து சுற்றித் தூது போய்க்கொண்டிருந்தார். சன்னல் இருந்திருந்தால் இரண்டு எட்டில் முடிந்திருக்கும். மூன்றாம் தடவை மூச்சு வாங்க வந்து, "பம்ப்ளிமாஸ் விஷயம் சொன்னேன். மாஸ்டர் சிரிக்கக்கூட இல்லை. ஜாங்கிரியை முடிச்சதும் பெட்டி கட்டறாராம். என்னால இனி நடக்க முடியாது, நீயே போ," என்று பெஞ்சு இருந்த பழைய இடத்தைத் தேடினார். அங்கே லட்டுதான் இருந்தது. பார்த்துவிட்டு நின்றுகொண்டார்.

இந்த வருஷத்து டின்

மூன்று மணி வாக்கில் பின்சந்து வழியாக அடுக்களைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், பொய் சொல்வானேன். பேச வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். கலை என்றால் என்ன தெரியுமா என்பதில் ஆரம்பம்.

முருகேசன் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று ஜாங்கிரி சுற்றிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்து, "வாங்க மதினி," என்றார். கை நிற்கவில்லை. ஒரு சுற்று, அதன் மேல் சின்னச் சின்னக் கண்ணிகள், அடுத்தது, அதற்கடுத்தது. என் கூரை ஜாங்கிரி ஏழும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருந்தது எனக்குத்தான் தெரியும். இவர் சுற்றியது அத்தனையும் ஒரே அச்சு.

காலையிலிருந்து நின்றதில் எனக்குக் கால் விண் விண் என்று தெறித்தது. சண்டை போடுவதென்றாலும் உட்கார்ந்து போடுவோமே என்று சுற்றிலும் பார்த்தேன். அடுப்பு, மேடை, சீனி மூட்டை, கடலைமாவு மூட்டை, சட்டி, பூந்தி தட்டுகிற சாரணி. உட்கார ஒன்றும் இல்லை.

அவர் கவனித்துவிட்டார். குனிந்து, மேடைக்கு அடியிலிருந்து கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு எண்ணெய் டின்னை இழுத்து, மேலே பேப்பர் விரித்து, "உக்காருங்க மதினி. பாத்து, ஒரு பக்கம் நெளிஞ்சிருக்கு," என்றார்.

உட்கார்ந்தேன். டின் டொக்கென்று உள்ளே போய் வெளியே வந்தது.

"இதுலயா தம்பி பதிமூணு வருஷமா உக்கார்றீங்க?"

"சேச்சே. இது இந்த வருஷத்து டின்னு. உள்ள போயிரிச்சுன்னா மாத்திருவோம்லா."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பொறுப்பாகத்தான் பதில் சொன்னார். எனக்குக் காது சூடானது. கையில் டேப் வைத்துக்கொண்டு ஒரு மாதம் இந்தக் கடையை அங்குலம் அங்குலமாக அளந்தவள் நான். மூன்று நிமிஷம் நிற்கிறவர்களுக்குக் கால் வலிக்குமே என்று நாலு ஆசனம் செய்தேன். விடியக்காலையிலிருந்து நிற்கிற ஆள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார். அந்தச் சுவரில் இருந்த ஒரே ஓட்டையையும் அடைத்து மஞ்சள் அடித்தேன்.

கலை என்றால் என்ன தெரியுமா என்று ஆரம்பிக்க வாய் வரவில்லை.

"லட்டு மேல உக்கார்றதுதான் கோவமா?" என்றேன்.

"கோவம்னு இல்ல மதினி. குளிச்சு, துண்ணூறு பூசிட்டுத்தான் பூந்தி தட்டுதேன். மொத லட்டு சாமிக்கு எடுத்து வச்சுட்டுத்தான் மத்தது தட்டுக்குப் போகும். அது மேல ஒரு மனுசன் இப்படி..." சேட் குதித்ததை இடது கையால் காட்டினார். "என் கண்ணு முன்னாலயே குதிக்காரு. அதைப் பாத்துட்டு நான் நாளைக்கு எப்படி லட்டு பிடிப்பேன்? கை வருமா, நீங்களே சொல்லுங்க."

வராது. எனக்கே வராது.

"மேல இருந்தா?" என்றேன்.

"மேலன்னா?"

"கூரையில. ஜாங்கிரிக்கு நடுவுல தொங்க விட்டுருவோம். யாரும் உக்கார முடியாது. அண்ணாந்துதான் பாக்கணும்."

முருகேசன் சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "கோயில்ல சரவிளக்கு தொங்குமே, அது மாதிரியா? அப்ப நல்லா இருக்கும் மதினி," என்றார். உடனே அடுத்த கவலை வந்தது. "ஆனா வலுவா கட்டச் சொல்லணும். சேட்டு தலையில விழுந்துரப்படாது."

"அந்தச் சன்னலையும் திறந்துடச் சொல்றேன்."

"நெசமாவா?"

"நாளைக்கே."

அவர் ஜாங்கிரியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "அப்ப ஆலுவாக்காரனுக்குப் போன் போட்டு, ராத்திரிக்கு அரிசி கூடப் போட வேண்டாம்னு சொல்லிருதேன்," என்றார்.

துண்டு எடுத்த மைசூர்பாகு

மறுநாள் ஜோஸி சேட்டன் கம்பியும் கப்பியுமாக வந்து நாலு லட்டையும் கூரைக்கு ஏற்றினார். ஜாங்கிரி விளக்குகளின் ஆரஞ்சு வெளிச்சம் பட்டு லட்டு நெய்யில் நனைந்த மாதிரி மின்னியது. கீழே இருந்ததைவிட மேலே அழகாக இருந்தது என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான், ஆனாலும் அதுதான் உண்மை. சேட்டுக்குத்தான் மனசு ஆறவில்லை. "எண்ட சீட் எவிடெ போயி?" என்று நாலு நாள் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பழைய பெஞ்சு அவருக்காகத் திரும்பி வந்தது.

சன்னலைத் திறக்கக் கொத்தனார் சுத்தியலைத் தூக்கியபோது நான் வெளியே போய் நின்றுகொண்டேன். கழுத்து வலிக்க நான் தீட்டிய பட்டைக்குச் சரியாக நடுவில் விழுந்தது அடி. எல்லாம் முடிந்தபின் உள்ளே வந்து பார்த்தேன். பெரிய மைசூர்பாகில் யாரோ சதுரமாக ஒரு துண்டு எடுத்துத் தின்றுவிட்ட மாதிரி இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் பார்த்துச் சிரித்தார்கள். செட்டியார் வீட்டு அம்மாள், "அந்தத் துண்டைத் தின்னது யாரு டீச்சர், நீங்களா?" என்று கேட்டார். என் மூளையில் உதித்ததாகவே இன்று வரை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் வந்து மாட்டிவிடாதீர்கள்.

அந்தத் துண்டு வழியாக முருகேசனின் தட்டு வந்தது. கூடவே முகமும் வந்தது, சன்னலைக் கொஞ்சம் பெரிதாக வெட்டச் சொல்லியிருந்தேன்.

தீபாவளி முடிந்த மறுநாள், டேப்பும் நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். முருகேசன் டின்னில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தவர், எழுந்து நின்றார்.

"எழுந்திருக்க வேண்டாம் தம்பி. உங்களுக்கு ஒரு சீட் பண்ணப் போறேன். என்ன மாதிரி வேணும் சொல்லுங்க. முறுக்கு மாதிரி பண்ணலாமா? அது மேல உக்காரலாம்தானே? இல்ல, அடுப்படிக்குப் பொருத்தமா ஒரு கடாய் மாதிரி? ஜோஸி சேட்டன் எது வேணாலும் செய்வார்."

அவர் தரையைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினார்.

"சும்மா சொல்லுங்க."

"கோவிச்சுக்கிடப்படாது மதினி."

"இல்லை, சொல்லுங்க."

"நாக்காலி மாதிரி ஒரு நாக்காலி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. அவரை நிற்க வைத்து முழங்கால் உயரத்தை அளந்தேன், முதுகை அளந்தேன். நோட்டைத் திறந்து நாலு கால், ஒரு சாய்மானம், கை வைக்க இரண்டு கட்டை என்று வரைந்தேன். அவர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, சாய்மானத்தில் விரல் வைத்து, "இதை மட்டும் கொஞ்சம் உசத்தி மதினி," என்றார்.

அழித்து, உயர்த்தி வரைந்து கொடுத்தேன். என்னிடம் ஒருத்தர் கேட்டு நான் வரைந்த முதல் படம் அது.